டீச்சர் உட்காரும் பக்கம்

பிப்ரவரி 9, திங்கள்

என் டீச்சருக்கு,

போனில் பேசினால் நான் பாதியிலேயே குறுக்கே பேசுகிறேனாம், அதனால் இனி எதுவானாலும் எழுதித்தான் அனுப்ப வேண்டுமாம். நேற்று உன் அக்கா போன் செய்து உன் உத்தரவைச் சொன்னார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சரி, எழுதுகிறேன்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். உன் டிரைவிங் ஸ்கூல் வண்டியை விற்கவில்லை, விற்கப்போவதும் இல்லை. "அது வாசல்ல நிக்கிற வரைக்கும் நான் இந்த வீட்டுக்குத் திரும்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டு மலைமேல் உன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாய். எனக்குப் புரியாமல் இல்லை. பதினைந்து வருஷம் அந்த வண்டியில் ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் நீ. முதுகில் ஆபரேஷன் முடிந்து எழுந்தால் இடது காலுக்குக் கிளட்சை மிதிக்கத் தெம்பில்லை. அப்படியிருக்க, தினமும் ஜன்னலைத் திறந்ததும் அந்த வண்டி முகத்தில் விழிக்க யாருக்குப் பிடிக்கும்? ஆனால் அதை விற்றால் என் மனைவி மட்டும்தான் வீட்டுக்கு வருவாள், டீச்சர் வரமாட்டாள். மூன்று தடவை லைசென்ஸ் தேர்வில் தோற்று, நாலாவது தடவை பாஸாகி, அதே கையோடு சொல்லிக்கொடுத்தவளையே கல்யாணம் செய்துகொண்டவன் நான். எனக்கு இரண்டு பேரும் வேண்டும்.

மெக்கானிக் பல்லி உனக்கு வணக்கம் சொல்லச் சொன்னான். இப்போதும் எந்த நேரம் போனாலும் ஏதாவது ஒரு வண்டியின் வயிற்றில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறான். அவன்தான் என்னைப் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் யார்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே கல்லாவில் இருக்கும் அம்மாள் வண்டிகளை உறவுமுறை வைத்துத்தான் பேசுகிறார்.

"உங்க வண்டிக்குக் கூடப் பொறந்தவங்க மூணு பேரு இருக்காங்க சார். மூத்தவ சொகுசுக்காரி. அடுத்தவ முதுகு நீளமானவ, மூட்டை சுமக்கிறவ. இன்னொருத்தி வெளிநாட்டுக்குன்னே செஞ்சவ, அவளுக்கு ஸ்டியரிங் அந்தப் பக்கம். சட்டைதான் வேற வேற, எலும்பு எல்லாருக்கும் ஒண்ணு. ஒருத்தி நகை இன்னொருத்திக்கு அப்படியே சேரும்."

மத்தியான வெயிலில் அந்த யார்டைப் பார்க்க வேண்டும். வரிசை வரிசையாக வண்டிகள், சக்கரம் இருந்த இடத்தில் புல். ஒவ்வொரு பக்கக் கண்ணாடியிலும் ஒரு துண்டு வானம். எல்லாம் தூங்குகின்றன, மெதுவாகப் பேச வேண்டும் என்று தோன்றியது. அப்படித்தான் பேசினேன். பல்லி என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

முதுகு நீளமானவளிடமிருந்து பின்சக்கர டிஸ்க் பிரேக் இரண்டையும் எடுத்து நம் வண்டிக்குப் போட்டாயிற்று. இது ஆரம்பம்தான். கால் எப்படி இருக்கிறது?

உன் கண்ணாடிக்காரன்


பிப்ரவரி 17, செவ்வாய்

கண்ணாடிக்காரருக்கு,

நான் வண்டியை விற்கச் சொன்னேன், அதற்கு நகை போடச் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? ஒருவர் கண்ணுக்கு எழுதியதை இன்னொருவருக்குப் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள்.

இங்கே காலையில் பனிமூட்டம் ஜன்னல் வரைக்கும் வந்து நிற்கிறது. எதிர்வீடு இல்லை, தெரு இல்லை. பத்து மணிக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகின்றன. அதுவரைக்கும் யாரும் என்னை "எப்போ மறுபடியும் கிளாஸ் எடுப்பீங்க" என்று கேட்க முடியாது. அதனால்தான் எனக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறது.

வாரத்தில் மூன்று நாள் உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண்ணிடம் போகிறேன். ஸ்பிரிங் வைத்த ஒரு பலகையைக் காலால் அமுக்கச் சொல்கிறாள். அமுக்குகிறேன். இதைப் பற்றி இதற்கு மேல் கேட்காதீர்கள்.

வண்டியைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம்.

பின்னால் டிஸ்க் போட்டால் கைப்பிரேக் கேபிளையும் அந்த வண்டியிலிருந்தே எடுக்க வேண்டும். பழைய கேபிளை இழுத்து மாட்டிவிட்டு "சேர்ந்துடுச்சு" என்பான் பல்லி. ஏற்றத்தில் நிறுத்திப் பாருங்கள்.

இப்படிக்கு
நான்தான்


மார்ச் 2, திங்கள்

என் டீச்சருக்கு,

வண்டியைப் பற்றி எழுத வேண்டாம் என்றாய். கேபிளைப் பற்றி நீதான் எழுதினாய். ஆகவே ஆட்டம் சமம். நீ சொன்னது சரி, பழைய கேபிளைத்தான் இழுத்து மாட்டியிருந்தான். ஏற்றத்தில் நிறுத்தினோம், வண்டி நைசாகப் பின்னால் நடக்கத் தொடங்கியது. பல்லி பின்னாலேயே ஓடினான். இப்போது மாற்றியாயிற்று.

இனிமேல் மறைக்க முடியாது, சொல்லிவிடுகிறேன். மூத்த சொகுசுக்காரி ஒருத்தி யார்டுக்கு வந்திருந்தாள். பின்னால் இடிபட்டவள், முன்பக்கம் அப்படியே இருந்தது. ஆட்டோமேட்டிக் கியர். கியர்பாக்ஸ், அதற்கான கம்ப்யூட்டர் பெட்டி, ரேடியேட்டர், பெடல், வயர்க்கொத்து எல்லாவற்றையும் எடுத்துவந்து நம் வண்டிக்குள் வைத்துவிட்டோம். முதல் நாள் ஸ்டார்ட் ஆகவில்லை. அந்தப் பெட்டி தன் பழைய சாவியைத்தான் நம்புமாம். மறுபடியும் போய்ச் சாவியையும் பூட்டையும் வாங்கி வந்தோம். இப்போது ஒரு சொடுக்கில் எழுந்துகொள்கிறது. டீச்சர், உன் வண்டியில் கிளட்சே கிடையாது!

அதோடு அவளுடைய ஓட்டுநர் இருக்கையையும் கொண்டுவந்துவிட்டேன். மோட்டார் வைத்தது. கதவைத் திறந்தால் தானாகப் பின்னால் நகர்ந்து இறங்க வழிவிடும், உனக்குச் சிரமம் இருக்காது. பக்கத்தில் மூன்று பொத்தான். பழைய சொந்தக்காரர்கள் தங்களுக்குப் பிடித்த உயரம், தூரம், சாய்வு எல்லாம் அதில் பதிந்து வைத்திருக்கிறார்கள், அழியவில்லை. முதல் பொத்தானை அமுக்கினால் இருக்கை முன்னால் வந்து உயர்கிறது. குள்ளமான ஒரு பெண்ணாக இருக்க வேண்டும். இரண்டாவதை அமுக்கினால் கடகடவென்று பின்னால் போகிறது. அவள் புருஷன், நெட்டைக்கால். மூன்றாவதுதான் எனக்கு விளங்கவில்லை. கிட்டத்தட்டப் படுத்தேவிடுகிறது. அப்படி யார் வண்டி ஓட்டுவார்கள்?

கடை மூடும் மத்தியான நேரங்களில் நான் போய் அதில் சாய்ந்துகொள்கிறேன். மூன்றாவது பொத்தான். மேலே தகரக் கூரையில் அணில் ஓடுகிறது. தெரியாத இருவருடைய வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்த மாதிரி இருக்கிறது. நேற்று அப்படியே தூங்கி, அவர்கள் இருவரும் பின்சீட்டில் உட்கார்ந்து ஏதோ பேசிச் சிரிப்பதாகக் கனவு கண்டேன். திரும்பிப் பார்க்கவில்லை, அவர்கள் பேச்சு நின்றுவிடுமே என்று.

எப்போது வருகிறாய்?

உன் கண்ணாடிக்காரன்


மார்ச் 8, ஞாயிறு

யாரைக் கேட்டு எடுத்தீர்கள்?

என் கிளட்சை யாரைக் கேட்டு எடுத்தீர்கள்? விற்றிருந்தால்கூடப் பரவாயில்லை. யாரோ ஒருவர் அதை மிதிப்பார், வண்டி நகரும் என்று இருந்திருப்பேன். நீங்கள் அறுத்து எடுத்துவிட்டு அந்த இடத்தை மூடிவிட்டு எனக்கு நல்ல செய்தி மாதிரி எழுதுகிறீர்கள். ஆச்சரியக்குறி வேறு.

அந்த ஸ்பிரிங் பலகையை நான் எதற்கு அமுக்குகிறேன் என்று நினைத்தீர்கள்? நடப்பதற்கா? நடக்கத் தடி இருக்கிறது. அந்தப் பெண் "பத்து தடவை போதும்மா" என்பாள். நான் கண்ணை மூடிக்கொண்டு முதல் கியர், இரண்டாவது கியர், சிக்னல், நியூட்ரல், மறுபடியும் முதல் கியர் என்று நம் ஊர்த் தெரு முழுக்கப் போய்வருவேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு நாள் போனேன். அவளுக்குத் தெரியாது. யாருக்கும் சொல்லவில்லை, உங்களுக்கும் சொல்லவில்லை. விற்கச் சொன்ன அதே வாயோடு, ஊருக்குத் திரும்பி வரும்போது ஓட்டிக் காட்டலாம் என்றும் இருந்தேன்.

டாக்டர் கைவிட்டார், சரி, அவருக்கு நான் யாரோ. நீங்களுமா? அந்தக் கால் இனி தேறாது என்று நீங்களே முடிவு கட்டி, ஸ்பேனர் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

இனி எழுத வேண்டாம். அக்காவுக்கும் போன் செய்ய வேண்டாம்.


மார்ச் 14, சனி

டீச்சருக்கு,

எழுத வேண்டாம் என்றாய். ஒரே ஒரு விஷயம்.

உன் கியர்பாக்ஸ் பத்திரமாக இருக்கிறது. எதையும் அறுக்கவில்லை, கழற்றித்தான் வைத்திருக்கிறோம். கடையில் லென்ஸ் தேய்க்கும் மேஜைக்குக் கீழே, எண்ணெய் தடவி, நம் பழைய கம்பளியில் சுற்றி வைத்திருக்கிறேன். கிளட்ச் பெடல்கள் இரண்டும், ஓட்டுபவருடையதும், சொல்லிக்கொடுப்பதற்காக உன் பக்கத்தில் இருந்ததும், மேஜை டிராயரில் இருக்கின்றன. உன் பெடலின் ரப்பர் ஒரு ஓரத்தில் மட்டும் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. அதை இத்தனை நாள் நான் பார்த்ததே இல்லை.

"திருப்பிப் போடணும்னா போட்டுடலாம் சார், டீச்சர் அக்கா ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்கிறான் பல்லி. அவன் கோபப்படவில்லை. என்னால்தான் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நான் உன் காலைக் கைவிடவில்லை. கால் தேறுவதற்குள் நீ வண்டியை வெறுத்துவிடுவாயோ என்று பயந்துவிட்டேன். அவ்வளவுதான். உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பாய் என்று தெரிந்துதான் கேட்கவில்லை.

ஒரு வார்த்தை எழுது. எதுவாக இருந்தாலும் அப்படியே செய்கிறேன்.


ஏப்ரல் 4, சனி

கண்ணாடிக்காரருக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. கோபம் ஒரு வாரத்தில் தீர்ந்துவிட்டது. மீதி நாளெல்லாம் வேறு வேலை இருந்தது.

அந்தப் பலகையில் நான்கு ஸ்பிரிங். இரண்டு வரைக்கும் அமுக்குவேன். மூன்றாவதை மாட்டினால் கால் அங்கேயே நின்றுவிடும். உங்கள் கடிதம் வந்த பிறகு வெறியோடு அமுக்கினேன், உங்கள் முகத்தை நினைத்துக்கொண்டு. அப்போதும் நின்றது. போன வாரம் அந்தப் பெண்ணிடம் நானே கேட்டேன். "இதுக்கு மேல வராது, இல்லையா?"

அவள் நல்லவள், பொய் சொல்லவில்லை. "நடை இன்னும் நல்லா வரும்மா. தடியைக்கூட விட்டுடலாம். ஆனா அமுக்குற பலம் இவ்ளோதான்னு நினைக்கிறேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்து அக்கா மடியில் படுத்து அழுதேன். அக்கா இடையிடையே என் தலையைக் கோதிவிட்டுப் பட்டாணி உரித்தாள். என் தலையெல்லாம் பட்டாணித் தோல். அப்படியே தூங்கிப்போனேன்.

கனவில் நம் வண்டி போய்க்கொண்டிருந்தது. வெளியே இந்த ஊர்ப் பனிமூட்டம், உள்ளே நம் ஊர் வெயில். பின்சீட்டில் என் பழைய மாணவர்கள் எல்லாரும் எப்படியோ இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். தபால்காரர், பல் டாக்டர், கண்ணை மூடிக்கொண்டு ரிவர்ஸ் எடுப்பாளே அந்தத் தையல்காரி, எல்லாரும். வண்டி சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. யார் ஓட்டினார்கள் என்று நான் பார்க்கவில்லை. ஓட்டுபவர் முகத்தை டீச்சர் பார்ப்பதில்லை, ரோட்டைத்தான் பார்ப்பாள். என் வலது கால் என் பக்கத்து பிரேக்கின் மேல் இருந்தது. இடது கால் எங்கே இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. கனவில் அதைத் தேடவே இல்லை நான்.

எழுந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. சிரிப்பதா உங்களை அடிப்பதா என்று தெரியவில்லை. மோட்டார் இருக்கை, பொத்தான், தானாகப் பின்னால் போவது, இவ்வளவையும் கொண்டுபோய் எந்தப் பக்கம் போட்டீர்கள்? ஓட்டுநர் பக்கம்! பதினைந்து வருஷத்தில் நான் அங்கே உட்கார்ந்ததெல்லாம் காலையில் வீட்டிலிருந்து எடுக்கவும் மாலையில் கொண்டுவந்து விடவும்தான். என் இடம் மற்றப் பக்கம். அந்தப் பக்கம் உட்கார்ந்துதானே உங்களைத் திட்டினேன், உங்களைக் கட்டிக்கொள்ளவும் சம்மதித்தேன்? ஊருக்கெல்லாம் கண் பார்த்துச் சொல்பவருக்கு, பெண்டாட்டி எந்தப் பக்கம் உட்காருவாள் என்பது கண்ணில் படவில்லை.

உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. நீங்கள் ஓட்டும் இடத்திலிருந்தே என்னைப் பார்த்தவர். ஓட்டுவதுதான் பெரிய காரியம் என்று நினைத்துவிட்டீர்கள்.

கியர்பாக்ஸை யார்டு அம்மாளிடம் கொடுத்துவிடுங்கள். யாராவது ஒரு தங்கச்சி வண்டிக்கு ஆகும். என் பெடலை மட்டும் கொடுக்க வேண்டாம்.

அந்த மூன்றாவது பொத்தான் எனக்கு விளங்கிவிட்டது. அது ஓட்டுவதற்கு இல்லை. இருவரில் யாரோ ஒருவர் மற்றவருக்காக வண்டியிலேயே படுத்துக் காத்திருப்பார்கள். வேலை விட்டு வரவோ, ஆஸ்பத்திரியிலிருந்து வரவோ. நீங்கள் தினமும் அதைத்தான் அமுக்கிக்கொண்டு படுத்திருக்கிறீர்கள்.

நான்தான்


ஏப்ரல் 20, திங்கள்

என் டீச்சருக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கடையில் இருந்தவர்கள் முன்னாலேயே தலையில் அடித்துக்கொண்டேன். கண் பார்க்க வந்திருந்த ஒருவர் தன் பவர்தான் மோசமாகிவிட்டதோ என்று பயந்துவிட்டார்.

யார்டு அம்மாளிடம் சொன்னபோது அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. "இவ்ளோ நாளா இதை ஏன் சார் சொல்லல? வெளிநாட்டுக்காரி எதுக்கு இருக்கா? அவளுக்கு ஓட்டுற சீட்டு உங்க வீட்டம்மா உக்கார்ற பக்கந்தானே!" என்று தானே எழுந்து நடந்தார். கடைசி வரிசையில், மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். ஸ்டியரிங் அந்தப் பக்கம் இருப்பவளின் ஓட்டுநர் இருக்கை, நம் வண்டியில் உன் பக்கத்தில் ஒரு ஓட்டைகூடப் போடாமல் அப்படியே உட்கார்ந்தது. உயர்கிறது, நகர்கிறது, இறங்கும்போது வழிவிடுகிறது. இதன் பொத்தான்களில் எதுவும் பதிந்திருக்கவில்லை. உன் பக்கத்து பிரேக்கை அகலமான பெடலாக மாற்றி, கம்பியைப் புதுப்பித்து, பல்லி அங்கே உட்கார்ந்து என்னை ஓட்டச் சொல்லிச் சோதித்தான்.

இங்கேதான் கதை. பழக்கதோஷம், கியர் மாற்றப்போகிறேன் என்று நினைத்து என் இடது கால், அங்கே இல்லாத கிளட்சைத் தேடி ஓங்கி மிதித்தது. அங்கே இருந்தது பிரேக். பல்லி நெற்றியை டேஷ்போர்டில் இடித்துக்கொண்டான். மறுபடியும் மிதித்தேன். மறுபடியும் இடித்துக்கொண்டான்.

"சார், அந்தக் காலை வச்சுக்கிட்டு உங்களால சும்மா இருக்க முடியாதா?"

"அது என் பேச்சைக் கேக்கலையே."

"அப்போ கட்டிப் போட்டுடுங்க" என்று தன் துண்டை எடுத்து நீட்டினான். என் இடது காலை இருக்கையின் காலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன்.

ஓட்டினேன், டீச்சர். முதல் தெரு முடியும் வரைக்கும் அந்தக் காலையே நினைத்துக்கொண்டிருந்தேன். மார்க்கெட் தாண்டியதும் மறந்துபோனது. ஆற்றோரம் முழுக்கப் போனோம். இரண்டு பக்கமும் மரம், மேலே வெயில் அசைகிறது, வண்டி தண்ணீரில் போவதுபோல் போகிறது. பல்லி பாடத் தொடங்கிவிட்டான். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து இறங்கப்போனேன். கால் வரவில்லை. விழப் பார்த்தேன். பல்லி சுற்றிக்கொண்டு ஓடிவந்து தாங்கிப் பிடித்தான். நல்ல எண்ணத்தில்தான் பிடித்தான், ஆனால் எனக்கு எரிச்சலாக வந்தது. அப்புறம் அவன் போன பிறகு வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். ஆபரேஷன் முடிந்த நாளிலிருந்து நான் உன்னை ஒவ்வொரு படியிலும், ஒவ்வொரு கதவிலும் அப்படித்தான் ஓடிவந்து பிடித்திருக்கிறேன். நீ வண்டியைக் கண்டு ஓடவில்லை, என்னைக் கண்டுதான் மலையேறினாய் என்று தோன்றுகிறது. சரிதானா, எழுது.

உன் கண்ணாடிக்காரன்


ஏப்ரல் 26, ஞாயிறு

என் கண்ணாடிக்காரருக்கு,

சரிதான். பாதிக்குப் பாதி. வண்டியைக் கண்டும் ஓடினேன்.

உங்கள் கடிதத்தை அக்காவுக்கும் படித்துக் காட்டினேன். துண்டால் கட்டிய இடத்தில் அவள் சிரித்தாள், இறங்கிய இடத்தில் எழுந்து உள்ளே போய்விட்டாள். திரும்பி வந்து, தனக்கு இந்த வயதில் ஓட்டக் கற்றுக்கொடுப்பேனா என்று கேட்டாள். "கிளட்ச் இல்லைன்னா நான்கூட ஓட்டிடுவேன்டி" என்கிறாள். அதையும் பார்க்கத்தானே போகிறேன். அவள் கோடை முழுக்க நம் வீட்டில்தான் இருப்பாள். முதல் மாணவி அவள்.

நான் பஸ்ஸில் வரமாட்டேன். நீங்கள் வந்து அழைத்துப்போங்கள். நான் பக்கத்தில் இல்லாமல் நீங்கள் ஊரைத் தாண்டி ஓட்டியதே இல்லை என்பது தெரியும். ஓட்டுங்கள். பகலில் கிளம்புங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஹாரன் அடியுங்கள். நாம் திரும்பி இறங்கும்போது பிரேக்கையே நம்பக் கூடாது, சின்ன கியருக்குக் கொண்டுவர வேண்டும், நான் சொல்லித்தருகிறேன். பனிமூட்டம் வந்தால் ஓரமாக நிறுத்திவிட்டு அது போகும்வரை இருங்கள். அவசரப்பட யாரும் இங்கே இல்லை.

துண்டை அவிழ்த்துவிடுங்கள். அந்தக் கால் ஒரு தப்பும் செய்யவில்லை. என் காலும் செய்யவில்லை. அந்த வண்டியில் இனி யாருக்குமே இடது காலுக்கு வேலை கிடையாது. உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை, அக்காவுக்கும் இல்லை, என்னிடம் கற்றுக்கொள்ள வரப்போகிற ஒருவருக்கும் இல்லை. இதை எழுதும்போது எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மேல் கேட்டருகே நிற்பேன். வண்டியை என் பக்கம் ஒட்டி நிறுத்துங்கள். எஞ்சின் ஓடட்டும். இறங்கி ஓடி வராதீர்கள். நான் தடுமாறினாலும் வராதீர்கள். கதவை நானே திறந்துகொள்வேன்.

உங்கள் டீச்சர்